ரிவர்ஸ் கேமரா கறுப்பாகிறது, வண்டி தானாகப் பிரேக் பிடிக்கிறது, சர்வீஸில் "எல்லாம் நார்மல்" என்கிறார்கள்

கேள்வி: போன வருடம் வாங்கிய எஸ்யூவி. அடாஸ் (கேமரா, ரேடார் வைத்து வண்டியே பிரேக் பிடித்தும் லேன் பார்த்தும் ஓட்டுபவருக்கு உதவும்) வசதி உள்ள டாப் மாடல், பதினெட்டு லட்சம் ஆனது. ஆறு மாதமாக ரிவர்ஸ் கேமரா சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் திரை கறுப்பாகவே இருக்கிறது. பின்னால் ஒன்றுமே இல்லாதபோதும் பார்க்கிங் சென்சார் விடாமல் கத்துகிறது. நான்கு மாதத்துக்கு முன் டிப்பர் லாரியிலிருந்து ஜல்லி தெறித்து முன் கண்ணாடியை இன்சூரன்ஸில் மாற்றினோம், அதே சர்வீஸ் சென்டரில்தான். அதன் பிறகு இரண்டு முறை முன்னால் வண்டியே இல்லாமல் கார் தானாகப் பிரேக் பிடித்தது. கடைசியாக, கோவைக்குப் போகும்போது பெருந்துறை தாண்டி, மாலை ஐந்து மணி இருக்கும், பின்னால் வந்த பஸ் இடிக்காமல் போனது கடவுள் புண்ணியம். மூன்று முறை வண்டியை விட்டுவிட்டோம், "ஸ்கேனரில் எதுவும் காட்டவில்லை மேடம், எல்லாம் நார்மல்" என்றே திருப்பித் தருகிறார்கள். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஆஃப் பண்ணிவிட்டு ஓட்டு என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, ரிவர்ஸ் எடுக்கவே பயமாக இருக்கிறது. புது வண்டி கேட்க முடியுமா? – ஈரோடு வாசகி

பதில்:

வணக்கம் சகோதரி. முதலில் அந்தப் பிரேக் விஷயத்துக்கு வருகிறேன், மற்ற இரண்டையும் விட அதுதான் அவசரம். கண்ணாடி மாற்றிய பிறகுதான் இது ஆரம்பித்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். வண்டிகளின் வயரிங்கும் சென்சாரும் பார்ப்பதே என் தொழில் என்பதால், எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

சாலையைப் பார்க்கும் கேமரா, ரியர் வியூ மிரருக்குப் பின்னால் முன் கண்ணாடியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. கண்ணாடியை மாற்ற வேண்டுமென்றால் அதைக் கழற்றி, புதுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டில் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டியதோடு வேலை முடிவதில்லை. அந்தக் கேமராவுக்கு "நேர் எது, தரை எங்கே" என்று புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதைத்தான் கேலிப்ரேஷன் என்கிறார்கள். சில மாடல்களுக்கு சமதரையில் வண்டியை நிறுத்தி, டயரில் காற்று சரிபார்த்து, அளந்த தூரத்தில் ஒரு டார்கெட் பலகையை வைத்துச் செய்வார்கள். சில மாடல்களுக்கு ஸ்கேனரை மாட்டிக்கொண்டு லேன் கோடு தெளிவாக இருக்கும் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வார்கள். இரண்டும் சேர்ந்தே தேவைப்படும் வண்டிகளும் உண்டு. இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? கேமரா பக்கவாட்டில் ஒரே ஒரு டிகிரி திரும்பி இருந்தால் கூட, 100 மீட்டர் தூரத்தில் அது ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப் பார்க்கும். நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே மூன்றரை மீட்டர்தான். அதாவது பாதி லேன் தவறு. ஓரமாக நிறுத்தியிருக்கும் ஒரு லாரி உங்கள் லேனுக்குள் நிற்பதாக வண்டி நினைத்துக்கொள்ள அவ்வளவு போதும்.

அதனால் இன்றைக்கே அந்தக் கண்ணாடி மாற்றிய பில்லை எடுத்துப் பாருங்கள். கண்ணாடி, பேஸ்ட், லேபர் என்று மட்டும் இருக்கிறதா, கேமரா கேலிப்ரேஷன் என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் அதற்கான ரிப்போர்ட்டைக் கேளுங்கள், ஸ்கேனரிலிருந்து தேதி, நேரம், சேஸிஸ் எண்ணோடு அதை எடுத்துத் தர முடியும். இல்லையென்றால் வேலை பாதியில் நிற்கிறது, முடிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு, அதற்கு உங்களிடம் தனிப் பணம் கேட்கக் கூடாது. பின்னால் சட்டம் என்று போனாலும் இது உங்களுக்குப் பெரிய பலம். "தயாரிப்பிலேயே குறை" என்று நிரூபிக்க நிபுணர் வேண்டும், ஆனால் "கண்ணாடியை மாற்றினீர்கள், கேலிப்ரேஷன் செய்யவில்லை" என்பதற்கு அவர்கள் கொடுத்த பில்லே சாட்சி. மாற்றியது கம்பெனி கண்ணாடிதானா என்பதையும் பாருங்கள், கேமராவுக்கு எதிரே வரும் பகுதி தெளிவாக இல்லாத, பிராக்கெட் சரியாக உட்காராத கண்ணாடியில் எத்தனை முறை கேலிப்ரேட் செய்தாலும் நிற்காது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு ஈரோட்டிலிருந்து கோவை நோக்கிப் போனால் சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும். கேமராவுக்கும் கண் கூசும். பாலத்தின் நிழல், மேலே தொங்கும் பெரிய இரும்புப் பெயர்ப்பலகை, வளைவில் ஓரமாக நிற்கும் கன்டெய்னர், இவையெல்லாம் நல்ல நிலையில் இருக்கும் வண்டியையே சில நேரம் ஏமாற்றிவிடும். உங்கள் இரண்டு சம்பவமும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் போகும்போது நடந்ததா? கொஞ்சம் யோசித்து எழுதி வையுங்கள், மெக்கானிக்குக் கொடுக்கக்கூடிய மிக நல்ல தகவல் அதுதான்.

அப்படியே ஒரு துணியை எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து கேமராவுக்கு எதிரே உள்ள கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடி மாறியதும் ஃபாஸ்டேக் புதிதாக ஒட்டியிருப்பீர்கள், அதைப் பலர் சரியாகக் கேமராவின் முன்னாலேயே ஒட்டிவிடுகிறார்கள். ஓரத்தில் தொட்டுக்கொண்டிருந்தாலும் தள்ளி ஒட்டச் சொல்லுங்கள். மிரரில் மாலை, தொங்கும் பொம்மை எதுவும் வேண்டாம். வண்டியில் ரேடாரும் இருந்தால் அது கிரில்லில், எம்பளத்துக்குப் பின்னாலோ பம்பரின் கீழ்ப்பகுதியிலோ இருக்கும், மேனுவலில் படமே போட்டிருப்பார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வையுங்கள், அந்த இரண்டு இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம். பூஜையில் வைத்த சந்தனம் ரேடார் மூடியின் மேல் காய்ந்து கெட்டியாகி, முன்பக்க எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

சரி, ரிவர்ஸ் கேமரா. சில நேரம் வருகிறது சில நேரம் வரவில்லை என்றால் நான் முதலில் கேமராவைச் சந்தேகப்பட மாட்டேன், டிக்கி வயரைத்தான் பார்ப்பேன். டிக்கிக் கதவைத் திறந்தால் மேலே கீல் பக்கத்தில், கூரையிலிருந்து கதவுக்குப் போகும் மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். கேமரா, நம்பர் பிளேட் விளக்கு, டிக்கி லாக், எல்லா வயரும் அதற்குள்தான் போகிறது. ஒவ்வொரு முறை டிக்கியைத் திறந்து மூடும்போதும் அந்த வயர்கள் மடங்கி நிமிர்கின்றன, ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் என்ன ஆகுமோ அதுதான் உள்ளே நடக்கும். வெளித்தோல் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்து, கதவு ஒரு கோணத்தில் இருக்கும்போது தொட்டுக்கொண்டும் மறு கோணத்தில் விட்டும் இருக்கும். ரப்பரைக் கீழே இழுத்துவிட்டு வயரை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பார்த்தால்தான் கையில் சிக்கும். இதை ஸ்கேனரில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது, அந்த நிமிடம் வயர் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்கேனர் "சரி" என்றுதான் சொல்லும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாகப் போட்டு, டிக்கியைத் திறந்து வைத்துவிட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். நீங்கள் திரையைப் பாருங்கள், வீட்டுக்காரர் டிக்கிக் கதவை மெதுவாக மேலும் கீழும் அசைக்கட்டும், அந்த ரப்பர் குழாயையும் லேசாக அழுத்தட்டும். படம் விட்டுவிட்டு வந்தால் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், பாதி வேலை முடிந்தது. கதவு அசைவதால் மாறவில்லை, ஆனால் மழைக்கு மறுநாளோ வாட்டர் வாஷுக்குப் பிறகோதான் கறுப்பாகிறது என்றால் கேமராவுக்குள் அல்லது கப்ளருக்குள் (வயரை இணைக்கும் பிளக்) தண்ணீர் இறங்கியிருக்கிறது, லென்ஸின் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி தெரியும். அப்புறம் ஒன்று கவனியுங்கள்: படம் இல்லாமல் பச்சை மஞ்சள் கோடு மட்டும் திரையில் தெரிகிறதா, அல்லது திரை மொத்தமும் உறைந்துவிடுகிறதா? கோடு மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் கேமராவிலிருந்து சிக்னல் வரவில்லை. மொத்தத் திரையும் நின்றுவிட்டால், அதுவும் போனை இணைத்திருக்கும்போது மட்டும் நடந்தால், பிரச்சினை திரை யூனிட்டில், அதற்கு சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கறுப்புத் திரையை விட உறைந்த படம் மோசமானது. கறுப்பாக இருந்தால் திரும்பிப் பார்ப்போம். உறைந்த படத்தில், குழந்தை வண்டிக்குப் பின்னால் வருவதற்கு முந்தைய காட்சியே காலியாகத் தெரிந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு முறை நடந்திருந்தாலும் அதை எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

பார்க்கிங் சென்சார் கதை சின்னது. பம்பரில் பொத்தான் மாதிரி இருக்கும் ஒவ்வொன்றும் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. மேலே சேறு, பம்பர் பெயின்ட் அடித்தபோது ஏறிய தடித்த பூச்சு, வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நம்பர் பிளேட், வெளியில் வாங்கி மாட்டிய பம்பர் பாதுகாப்புக் கம்பி, இதெல்லாம் அதற்கு எதிரே ஏதோ நிற்கிற மாதிரிதான். இவை எதுவும் இல்லையென்றால், மேலே சொன்ன மாதிரி என்ஜின் ஓடாமல் ரிவர்ஸில் வைத்துவிட்டு, ஒவ்வொரு சென்சாரின் அருகிலும் காதை வைத்துக் கேளுங்கள், டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வரும். எதில் வரவில்லையோ, எதில் மாறி வருகிறதோ அதுதான் உங்கள் ஆள். ஒர்க்‌ஷாப்பில் இதை உறுதி செய்யச் சுலபமான வழி, சந்தேகப்படும் சென்சாரையும் நன்றாக இருப்பதையும் இடம் மாற்றி மாட்டுவது. பழுது சென்சாரோடு நகர்ந்தால் சென்சார், இருந்த இடத்திலேயே நின்றால் வயர் அல்லது கப்ளர். இதைச் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள். "சென்சார் எல்லாம் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்தானே மேடம்" என்று யாராவது சொன்னால் விட வேண்டாம், 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் சட்டப்படி கட்டாயம்.

இப்போது "ஸ்கேனரில் எதுவும் காட்டவில்லை" என்பதற்கு வருவோம், எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். பழுது வந்த நேரத்தில் வண்டிக்குள் இருக்கும் பெரும்பாலான கன்ட்ரோல் யூனிட்டுகள் (சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள்) ஒரு எரர் கோடை, அதாவது பழுதைச் சொல்லும் ஒரு குறியீட்டை, பதிவு செய்துவிடும். பழுது தற்காலிகமாகச் சரியான பிறகும் அது பழைய கோடு என்று நினைவில் இருக்கும், பல வண்டிகளில் அப்போது என்ன வேகம், கிலோமீட்டர் எவ்வளவு, பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு என்பது கூடச் சேர்ந்திருக்கும். ஆனால் வண்டி உள்ளே போனதும் சில இடங்களில் முதல் வேலையாக எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "கிளியர்" என்று எழுதிவிடுகிறார்கள். சாட்சியே அழிந்துபோகிறது. இந்த முறை வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் முன்னாலேயே எழுதச் சொல்லுங்கள்: "எதையும் அழிக்கும் முன் எல்லா யூனிட்டின் ஸ்கேன் ரிப்போர்ட்டும் பிரின்ட் எடுத்து வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்." அதில் பேட்டரி வோல்டேஜ் குறைவு என்ற கோடு பல யூனிட்டில் இருந்தால் பேட்டரியையும் எர்த் இணைப்பையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பலவீனமான பேட்டரி ஒரே நேரத்தில் பத்து எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும்.

ஜாப் கார்டில் "கேமரா, சென்சார் செக்" என்று சர்வீஸ் அட்வைசர் எழுதுவதை ஏற்காதீர்கள், மூன்று புகாரையும் மூன்றாகப் பிரித்து, தேதி, நேரம், இடம், வேகம் எல்லாம் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுத இடமில்லை என்றால் நீங்களே தாளில் எழுதி, அதன் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றே அதே விஷயத்தைக் கம்பெனியின் கஸ்டமர் கேர் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள், வீடியோவோடு. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது "திருப்தி" என்ற கட்டத்தில் வெறுமனே கையெழுத்துப் போட வேண்டாம், "பழுது சரியானதா என ஓட்டிப் பார்த்த பிறகே தெரியும்" என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். முந்தைய மூன்று ஜாப் கார்டுகளின் நகலும் கையில் இருக்கட்டும். ஒரு டாஷ்கேம் மாட்டிக்கொண்டால் நல்லது, முன் கேமராவின் பார்வையை மறைக்காத இடத்தில்.

புது வண்டி கிடைக்குமா என்று கேட்டீர்கள். ஆசை காட்ட விரும்பவில்லை, கஷ்டம். வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் கடமை என்று இருக்கும்போது முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் இப்போதைக்கு நீங்கள் கேட்க வேண்டியது: ரிப்போர்ட்டோடு இலவச கேலிப்ரேஷன், டிக்கி வயர் கட்டு (ஹார்னஸ்) அல்லது கேமரா மாற்றம், பழுதான சென்சார் மாற்றம், இந்த மூன்றுக்கும் எழுத்தில் கூடுதல் வாரண்டி. இதற்கு நியாயமான நாட்கள் கெடு கொடுங்கள். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது, 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும், உங்கள் வண்டி விலைக்குக் கட்டணம் 400 ரூபாய், வக்கீல் கட்டாயமில்லை, ஆணையமே வண்டியைச் சோதனைக்கு அனுப்பவும் முடியும். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். கம்பெனி இணையதளத்தில் உங்கள் சேஸிஸ் எண்ணைப் போட்டு ரீகால் ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, குறைபாடுள்ள மாடலைத் திரும்ப அழைக்க அரசே உத்தரவிடலாம், அதற்கு வண்டி உரிமையாளர்கள் புகார் பதிவு செய்ய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வழி இருக்கிறது. ஒரு மாடலுக்குப் போதுமான புகார்கள் சேர்ந்தால்தான் விசாரணை நகரும், அதனால் உங்கள் ஒருவர் புகாரும் கணக்கில் வரும். அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் டெஸ்லா கார்கள் காரணமில்லாமல் பிரேக் பிடிக்கின்றன என்று அரசு விசாரணை தொடங்கியது, அதற்கு அடிப்படை உரிமையாளர்கள் எழுதிக் கொடுத்த 354 புகார்கள். அந்த மாதமே ஹோண்டா கார்கள் மீதும் அதே மாதிரி விசாரணை வந்தது. ரிவர்ஸ் கேமரா பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கத் தாமதித்ததற்காக 2024 நவம்பரில் ஃபோர்டு 16.5 கோடி டாலர் வரையிலான அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. கேமரா விட்டுவிட்டு வேலை செய்வதை அங்கே பாதுகாப்புக் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள், நீங்களும் அதே உறுதியோடு பேசலாம்.

வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. கேலிப்ரேஷன் ரிப்போர்ட் கைக்கு வரும் வரை அடாப்டிவ் குரூஸும் (முன் வண்டியைப் பார்த்து வேகத்தைத் தானே மாற்றுவது) லேன் அசிஸ்டும் (லேனுக்குள் வண்டியைத் தானே திருப்பி வைப்பது) வேண்டாம். தானியங்கி பிரேக்கை "எச்சரிக்கை மட்டும்" என்று வைக்கும் வசதி இருந்தால் அப்படி வையுங்கள், இல்லையென்றால் ஆஃப், ஆனால் பல வண்டிகளில் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அது தானாக ஆன் ஆகிவிடும், கிளம்பும் முன் பாருங்கள். அப்படியும் தவறாகப் பிரேக் பிடித்தால், முன்னால் சாலை காலி என்று கண்ணால் உறுதி செய்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் பிரேக்கை விட்டுவிடும். உங்கள் மாடலில் எப்படி என்று மேனுவலில் படித்துக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரும் படிக்கட்டும். ஆனால் ரிவர்ஸ் சென்சாரை ஆஃப் செய்ய வேண்டாம், சும்மா கத்தினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் இறங்கிப் பாருங்கள். குழந்தை வீட்டில் இருக்கும்போது, ஒருவர் அவனையோ அவளையோ தூக்கிக்கொண்டு டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வந்து நின்ற பிறகுதான் ரிவர்ஸ் கியர். கேமரா சரியான பிறகும் இதை விட வேண்டாம், எஸ்யூவியின் பின்னால் இரண்டு வயதுக் குழந்தை எந்த மிரரிலும் தெரியாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டும் கேலிப்ரேஷன் ரிப்போர்ட்டும் கிடைத்ததும் வண்டி நம்பரையும் சேஸிஸ் எண்ணையும் மறைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.